மரம் நடுமுன் ஓராண்டு அளவெடுங்கள்: நீர்ப்பிடிப்புக் காடுகளை மீட்கும் பணியில் முதற்படி

ஐப்பசி மழை துவங்கியவுடன் மரக்கன்று நடும் விழாக்கள் ஊர்தோறும் நடைபெறுகின்றன. குழி எடுத்து, கன்று நட்டு, எத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்ற கணக்கும் எழுதப்படுகிறது. ஆனால் கன்று நடுவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன முளைத்திருந்தது, எவ்வளவு மண் அரித்துச் சென்றது, அடிவாரக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்ற விவரங்களை எழுதிவைத்த ஊர்கள் மிகக் குறைவு. ஐந்தாண்டு கழித்துக் கிணற்றில் நீர் ஏறினால், அது காட்டினால் ஏறியதா, அவ்வாண்டின் நல்ல மழையால் ஏறியதா என்று எவராலும் கூற இயலாது. நீர் இறங்கினாலும் இதே நிலைதான்.

பணி துவங்குமுன் நிலத்தின் நிலையை அளந்து பதிவு செய்வதே ஆரம்ப நிலைக் கணக்கு எனப்படும். வயலுக்கு உரமிடுமுன் மண் பரிசோதனை செய்வது எவ்வளவு அவசியமோ, நீர்ப்பிடிப்புக் காட்டை மீட்குமுன் இக்கணக்கு அவ்வளவு அவசியம். பணச்செலவு அதிகமில்லை. ஒரு முழு மழைக்காலத்தை உள்ளடக்கிய ஓராண்டுப் பொறுமையே இதற்குத் தேவை.

புதுவையின் செம்மண் மேடு

புதுவை நகரின் பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம் தண்ணீரின் நினைவாக எழுப்பப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து குடிநீர் நகருக்குள் கொண்டுவரப்பட்டது. தன் மாளிகையை இழந்து அங்கே குளம் வெட்டியதாகக் கூறப்படும் ஆயி என்ற பெண்ணின் பெயர் அந்த மண்டபத்துக்கு வழங்கலாயிற்று. 19ம் நூற்றாண்டின் பின்பகுதியில் புதுவையில் தோண்டிய ஆழ்குழாய்களில் நீர் தானே பொங்கி மேலே வந்தது. அத்தகைய ஊற்றுக் கிணறுகளுக்குப் புதுவை அன்று பெயர் பெற்றிருந்தது. இன்று அதே மண்ணில் மின்மோட்டார் இன்றி நீர் மேலே வருவதில்லை.

நகருக்கு வடக்கிலும் வடமேற்கிலும் கோரிமேடு, இலாசுப்பேட்டை, காலாப்பட்டு, ஆரோவில் என்று செம்மண் மேடு பரந்து கிடக்கிறது. மேல்மண்ணுக்குக் கீழே கடலூர் மணற்கல் என்று நிலவியலார் கூறும் பாறை அடுக்குகள் உள்ளன. இவை நீரை உறிஞ்சித் தேக்கும் தன்மையுடையவை. மேட்டில் பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கினால் கிணறுகளுக்கு ஊட்டம் கிடைக்கும். இறங்காமல் ஓடினால் செம்மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே நாளில் கடலை அடையும். பொம்மையார்பாளையம் பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலாக அறுந்து கிடக்கும் பள்ளங்கள் இவ்வாறு ஓடிய நீரின் வேலையே.

ஓடும் நீரின் மற்றொரு முகத்தை நகரவாசிகள் 2024ல் கண்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ந் தேதி கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தனை பெரிய மழையை எந்தக் காடும் முழுமையாகத் தாங்கிவிடாது. ஆயினும் மேட்டில் எவ்வளவு நீர் இறங்குகிறது, எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு விவசாயிக்கு மட்டுமன்றி நகரத்துக்கும் தேவை என்பதை அம்மழை உணர்த்தியது.

இந்த மேட்டில் ஒரு காலத்தில் வறண்ட பசுமைமாறாக் காடு இருந்தது. சோழமண்டலக் கரைக்கே உரிய இக்காட்டில் உலக்கைப் பாலை, காயா, வீரை, கருங்காலி, இரும்பிலி முதலியவை வளர்ந்தன. விறகுக்கும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் அது மெல்ல மெல்ல அழிந்தது. இன்று ஊர்ப்புறக் கோயில் காடுகளாக மட்டுமே சிறு சிறு துண்டுகள் எஞ்சியுள்ளன.

1968ல் ஆரோவில் நகர் துவங்கப்பட்டபோது அங்கே பெரும்பாலும் வெட்டவெளிச் செம்மண்ணே கிடந்தது. வரப்பு போட்டு, பள்ளங்களில் மண் அணை கட்டி, மரம் நட்டு, அம்மேட்டில் பெருமளவு பசுமை திரும்பக் கொண்டுவரப்பட்டது. தொடக்கத்தில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா நிழலுக்காக நடப்பட்டது. அதன் கீழ் நாட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன. 2011 டிசம்பர் 30ந் தேதி வந்த தானே புயலில் அந்த அக்கேசியா மரங்கள் பெருமளவு சாய்ந்தன. காடு வளர்ந்த அதே ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளும் பெருகின. ஒன்று நீரைக் கொடுக்கிறது, மற்றொன்று எடுக்கிறது. இரண்டையும் பிரித்துக் கணக்கிட வேண்டுமாயின் தொடக்க ஆண்டின் அளவு கையில் இருக்க வேண்டும். இனி மீட்கப்போகும் நிலங்களிலாவது அந்த அளவை விட்டுவிடக் கூடாது.

நீலகிரி தந்த பாடம்

ஆரம்ப நிலைக் கணக்கின் பயனுக்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடத்தில், ஒவ்வொன்றும் சுமார் 32 எக்டேர் பரப்புள்ள இரண்டு அடுத்தடுத்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளை உதகை மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்தனர். 1968 முதல் 1971 வரை நான்கு ஆண்டுகள் எதையும் நடவில்லை. இரண்டிலும் பெய்த மழையையும் ஓடிய நீரையும் மட்டும் அளந்தனர். இரண்டும் மழைக்கு எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்பது தெளிவான பின், 1972ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் நீலகிரித் தைலமரம் நட்டனர். மற்றதைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டனர்.

அடுத்த பத்தாண்டுகளில், தைலமரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்துவிட்டது. நான்கு ஆண்டு முன்கணக்கும் ஒப்பிட ஒரு பகுதியும் இல்லாதிருந்தால் இக்குறைவு ஒருவருக்கும் தெரிந்திராது. மழை குறைவு என்று எண்ணி விட்டிருப்பார்கள்.

இதைக் கொண்டு மரம் நட்டால் நீர் குறையும் என்று பொதுவாக முடிவு கட்டுதல் கூடாது. அங்கே நல்ல புல்வெளியில் நீரை மிகுதியாகக் குடிக்கும் அயல்நாட்டு மரம் நடப்பட்டது. புதுவை மேட்டில் உள்ளதோ இறுகிப்போன வெறும் செம்மண். இங்கே மரங்களின் வேரும் சருகும் மண்ணை இளக்கி, மரம் குடிப்பதைவிட அதிக நீரை உள்ளே இறக்கக்கூடும். இறக்காமலும் போகலாம். நடும் மரத்தின் வகை, நெருக்கம், மண்ணின் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். அடிவாரத்தில் ஒரே கிணற்றை நம்பி மணிலாவும் கரும்பும் பயிரிடும் விவசாயிக்கு இது வாழ்வுப் பிரச்னை. ஊகத்தின்மேல் அதை விடலாகாது.

எல்லையை வரையறுத்தல்

முதலில் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையைக் காண வேண்டும். ஓர் ஓடையின் குறிப்பிட்ட இடத்துக்கு எந்தெந்த நிலத்திலிருந்து மழைநீர் வந்து சேருகிறதோ அவை அனைத்தும் சேர்ந்ததே அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. மழை பெய்யும்போது ஊர்ப் பெரியவர் ஒருவருடன் மேட்டு முகட்டின் மேல் நடந்து, நீர் இருபுறமும் பிரியும் கோட்டில் கல் நடுவதே எளிய முறை. பிறகு அதைக் கிராமப் புல வரைபடத்தில் குறிக்கலாம். இஸ்ரோ நிறுவனத்தின் புவன் வரைபடத்தையும் துணைக்குக் கொள்ளலாம்.

புதுவையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைகளின் காரணமாகப் புதுவைப் பகுதியும் விழுப்புரம் மாவட்டமும் ஒன்றினுள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஊசுடு ஏரியே இரு பகுதிக்கும் பொதுவானது. ஓர் ஓடையின் தலைப்பகுதி வானூர் வட்டத்திலும் வால்பகுதி புதுவையிலும் இருக்கலாம். ஆகவே நிர்வாக எல்லையை மறந்து, நீரின் எல்லையை வைத்தே கணக்கு எடுக்க வேண்டும். இரு பக்கத்து ஊராரையும் முதல் நாளிலேயே சேர்த்துக் கொள்ளுதல் நலம்.

இத்துடன் இரண்டு இடங்களைக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, பணி எதுவும் செய்யாமல் விடப்போகும் அக்கம்பக்கத்துப் பகுதி. மண், சரிவு, பயிர் ஆகியவற்றில் இது பணி செய்யும் பகுதியை ஒத்திருக்க வேண்டும். இது ஒப்புப் பகுதி. மற்றது, அழியாமல் எஞ்சிய பழைய காடு. இது மாதிரிக் காடு. புதுவைக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இதற்கு மிகவும் ஏற்றது. புதுவைப் பல்கலைக்கழகச் சூழலியலார் 1990களில் அங்கே ஒரு எக்டேர் பரப்பில் மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்துள்ளனர். மீட்கப்படும் நிலம் எதை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதை அக்காடு காட்டும். கோயில் காட்டில் அளவெடுக்கும்போது ஊராரின் அனுமதி பெறுவதும், அங்குள்ள கட்டுப்பாடுகளை மதிப்பதும் அவசியம்.

மழையை அளத்தல்

புதுவையில் ஓராண்டில் சராசரியாகச் சுமார் 1,250 மி.மீ. மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு ஏக்கரில் சுமார் 4,050 லிட்டர் நீர். எனவே ஓராண்டில் ஒரு ஏக்கரில் விழும் நீர் சுமார் 50 லட்சம் லிட்டர். 40 ஏக்கர் நீர்ப்பிடிப்புப் பகுதியானால் 20 கோடி லிட்டர். இதில் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஓடியது என்பதே நாம் காண வேண்டிய கணக்கு.

மழை இடத்துக்கு இடம் மாறுவதால் நகரத்து அளவை மட்டும் நம்பக்கூடாது. பணி செய்யும் பகுதியிலும் ஒப்புப் பகுதியிலும் ஒவ்வொரு மழைமானி வைக்க வேண்டும். மரம், கட்டடம் எதுவாயினும் அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். தினமும் காலை 8-30 மணிக்கு அளவு பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாத நாளிலும் சுழி என்று எழுதுவது முக்கியம். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, ஆள் வரவில்லையா என்று பின்னர் தெரியாது.

கிணறும் ஓடையும்

மேட்டின் மேலே, நடுச்சரிவில், அடிவாரத்தில் என்று குறைந்தது 6 கிணறுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒப்புப் பகுதியிலும் இதே அளவு வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் வண்ணம் பூசி, எப்போதும் அங்கிருந்தே நீர்மட்டத்தை அளக்க வேண்டும். சுவரின் உயரத்தைக் கழித்துத் தரைமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுத வேண்டும். வாரம் ஒருமுறை, விடியற்காலையில் மோட்டார் போடுமுன் அளப்பது சரியான முறை. மோட்டார் ஓடியபின் அளந்தால் அது கிணற்றின் உண்மையான மட்டமாகாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. அந்த மாதங்களில் தவறாமல் அளந்தால் வாரியத்தின் அளவுடன் ஒப்பிடலாம்.

கிணறு ஒவ்வொன்றிலும் எத்தனை குதிரைசக்தி மோட்டார் உள்ளது, நாளொன்றுக்கு எத்தனை மணி ஓடுகிறது, என்ன பயிருக்குப் பாய்கிறது என்பவற்றையும் எழுத வேண்டும். காடு கொடுத்ததையும் மோட்டார் எடுத்ததையும் பிரித்தறிய இதுவே வழி. கடற்கரை ஓரத்துக் கிணறுகளில் ஆண்டுக்கு இருமுறையாவது நீரின் உப்பு அளவைப் பரிசோதிக்க வேண்டும். நீர்மட்டம் மாறாதிருந்தாலும் உப்பு ஏறிக்கொண்டிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

ஓடையில் ஓடும் நீரை அளக்கப் பகுதியின் கடைமுனையில் சிறு குறுக்குச் சுவர் எழுப்பி, அதில் 90 பாகை கோணத்தில் முக்கோண வெட்டு அமைக்கலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 செ.மீ. உயரம் ஓடினால் வினாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் செல்கிறது. 20 செ.மீ. உயரமானால் சுமார் 25 லிட்டர். உயரம் இருமடங்கானால் நீர் ஐந்து மடங்குக்கும் மேலாகும் என்பதால் அளவுகோலைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுவருக்குச் சற்று மேற்புறம், நீர் அமைதியாக உள்ள இடத்தில் அளவுகோலை நட வேண்டும். வெள்ளம் ஓடும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் பிடித்துத் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலை உலர்த்தி எடை பார்த்தால் மண் இழப்பும் ஓரளவு தெரியவரும்.

மண்ணை அளத்தல்

ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ. கனத்துக்கு மேல்மண் அரித்துச் சென்றால் இழப்பு சுமார் 6 டன். கண்ணுக்குத் தெரியாத இந்த அரிப்பை இரும்புக் கம்பிகள் காட்டிவிடும். 60 செ.மீ. நீளக் கம்பிகளை, 15 செ.மீ. வெளியே தெரியும்படி மழைக்கு முன் சரிவில் வரிசையாக அடிக்க வேண்டும். தை மாதத்தில் வெளியே தெரியும் நீளத்தை மீண்டும் அளந்தால், எங்கே மண் போயிற்று, எங்கே படிந்தது என்பது தெரியும். பெரிய பள்ளங்களின் குறுக்கே இரு முளைகளுக்கு இடையில் கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை கயிற்றிலிருந்து தரைவரை ஆழம் அளந்து வைக்க வேண்டும். பள்ளத்தின் தலைப்பகுதியில் ஒரு முளை அடித்து, அது ஆண்டுக்கு எவ்வளவு தூரம் மேட்டுக்குள் ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மண் நீரை உறிஞ்சும் வேகத்தை அறிய, 30 செ.மீ. விட்டமுள்ள தகர வளையம் ஒன்றை 10 செ.மீ. ஆழம் மண்ணில் அடித்து, நீர் ஊற்றி, மட்டம் இறங்கும் நேரத்தைக் குறிக்கலாம். வெறும் செம்மண், புதர்க்காடு, கோயில் காடு ஆகிய மூன்று இடங்களிலும் இதைச் செய்து பார்க்கும் விவசாயிக்குக் காட்டின் பயனை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊற்றும் நீரின் அளவும், முன்பு பெய்த மழையும் விடையை மாற்றும் என்பதால், ஒரே பருவத்தில், ஒரே முறையில், ஓரிடத்துக்கு மூன்று முறையேனும் செய்ய வேண்டும்.

மண் மாதிரிகளை வயலில் எடுப்பது போலவே எடுத்து, அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்பு நிலை ஆகியவற்றைப் பரிசோதிக்கலாம். அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் குறைந்தால் மண் வளம் குறைவு என்று கொள்ளப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து மண் தேறியதா என்பதை அறிய இந்த எண்ணே முதற்சான்றாக அமையும்.

செடி கொடிகளின் கணக்கு

மரங்களுக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர், புதர்களுக்கு 5க்கு 5, புல் பூண்டுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் சதுரங்கள் அமைத்து, நான்கு மூலைகளிலும் கல் நட வேண்டும். நன்றாக உள்ள இடத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது தவறு. வரைபடத்தில் கட்டம் போட்டுச் சீட்டு எடுத்து இடம் முடிவு செய்தால் பாரபட்சம் இராது. மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பெயர் தெரியாத செடிகளைக் காகித மடிப்பில் உலர்த்தி வைத்து வல்லுநரிடம் காட்டலாம். புதுவையில் 1955ல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு உள்ளது. தென்னிந்தியத் தாவர வரைபடங்களைத் தயாரித்த நிறுவனம் இது.

இக்கணக்கெடுப்பில் மிகவும் கவனிக்கத்தக்கது, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளும் வேர்த் துளிர்களும் ஆகும். வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்கள் பல, வெட்டிய பின்னும் ஆடு மாடு கடித்த பின்னும், முழங்கால் உயரப் புதராக உயிரோடு இருக்கும். பார்வைக்கு முட்புதர் போலத் தோன்றினாலும் அதன் வேர் பல்லாண்டுப் பழமையானது. இயந்திரத்தைக் கொண்டு இவற்றை வாரி எறிந்துவிட்டு நாற்றங்கால் கன்று நடுவது, கையிலுள்ள முதலை வீசிவிட்டுக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். அடைத்துக் காத்தாலே அவை மரமாகிவிடும். எந்த ஏக்கரில் நட வேண்டும், எந்த ஏக்கரில் வேலி மட்டும் போதும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். நடவுச் செலவிலும் பெருந்தொகை மிச்சமாகும்.

சீமைக் கருவேல் எங்கெங்கே உள்ளது என்றும் குறித்து வைக்க வேண்டும். அதை ஒரே மூச்சில் அகற்றினால் மழைக்காலத்தில் மண் திறந்து கிடக்கும். நாட்டு மரங்கள் எழும்ப எழும்பப் பகுதி பகுதியாக அகற்றுவது நல்லது.

பறவையும் பூச்சியும்

கொண்டைக்குருவி, மைனா, குயில், பழந்தின்னி வௌவால் ஆகியவை பழத்தை உண்டு விதையைப் பரப்புகின்றன. கோயில் காட்டிலிருந்து இவை மீட்கும் நிலத்துக்கு வந்து போகுமாயின், நடாத மரங்களும் தாமே முளைக்கும். மாதம் ஒருமுறை, காலையில், குறித்த சில இடங்களில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும். ஒரு சதுர மீட்டரில் உள்ள மண்புழுக் கழிவு உருண்டைகளையும், பகுதியில் உள்ள கறையான் புற்றுகளையும் எண்ணி வைக்கலாம். இவை மண் உயிர்பெறுவதைக் காட்டுபவை.

ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் வண்ணம் பூசிய கல் ஒன்றின்மேல் நின்று, அதே திசையில், அதே மாதத்தில் கைபேசியால் படம் எடுத்து, தேதியுடன் சேமித்து வைப்பது நன்று. எண்களை நம்பாதவர்களும் படத்தை நம்புவர்.

மக்களின் கணக்கு

தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் ஊரில் யாரோ ஒருவருக்குப் பயன்படவே செய்கிறது. எத்தனை ஆடு மாடுகள் மேய்கின்றன, எத்தனை குடும்பங்கள் விறகு பொறுக்குகின்றன, கீரையும் மூலிகையும் யார் பறிக்கின்றனர், பாதை எங்கே செல்கிறது, பனை ஏறுவோர் எத்தனை பேர் என்பவற்றை வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். பெண்களிடமும் மேய்ப்பவர்களிடமும் தனியே கேட்டல் அவசியம். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் பேசுவது அரிது.

வேலி போட்ட மறுவாரமே அது அறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம், மேய்ச்சலுக்கு மாற்று இடம் காட்டாததே. 50 ஆடுகள் மேயும் நிலத்தை ஒரே நாளில் அடைத்தால் அந்த ஆடுகள் அடுத்த நிலத்தை அழிக்கும். அந்த அடுத்த நிலம் ஒப்புப் பகுதியாக இருந்துவிட்டால் கணக்கும் கெடும். மேய்ச்சலின் அளவு முன்கூட்டியே தெரிந்தால், நிலத்தை மூன்று பங்காக்கி மாற்றி மாற்றி அடைக்கவும், அறுத்துப்போடும் புல்லுக்கு ஏற்பாடு செய்யவும் முடியும்.

கணக்கைப் பயன்படுத்தும் முறை

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பணிக்கு முந்திய ஆண்டில், மழைக்குப் பின் கிணறுகளில் நீர் ஏறிய அளவு பணி செய்யவுள்ள பகுதியில் 3.0 மீட்டர், ஒப்புப் பகுதியில் 2.8 மீட்டர் என்று கொள்வோம். ஐந்தாண்டுக்குப் பின் அது முறையே 4.5 மீட்டர், 4.0 மீட்டர் என்று ஆகிறது. பணி செய்த பகுதியை மட்டும் பார்த்தால் 1.5 மீட்டர் கூடியதாகத் தோன்றும். ஆனால் எதுவும் செய்யாத பகுதியிலும் 1.2 மீட்டர் கூடியுள்ளது. அது மழையின் பங்கு. பணியின் பங்கு எனக் கொள்ளத்தக்கது 0.3 மீட்டரே.

0.3 மீட்டர் சிறிது என்று சோர்வடைய வேண்டியதில்லை. அது உண்மையான அளவு. 1.5 மீட்டர் கூடியது என்று பறைசாற்றிவிட்டு, அடுத்த வறட்சியில் நீர் இறங்கும்போது ஊரார் நம்பிக்கை இழப்பதைவிட இது நல்லது. மேலும் ஓராண்டு அளவு என்பது குறைந்தபட்சமே. நீலகிரியில் நான்கு ஆண்டு அளந்தனர். புயல் அடித்த ஆண்டோ வறட்சி ஆண்டோ முதல் ஆண்டாக அமைந்துவிட்டால், இரண்டாவது ஆண்டும் அளந்துவிட்டுத் துவங்குவதே அறிவுடைமை.

ஓராண்டு வேலைத்திட்டம்

ஆனி, ஆடி: எல்லைக் கல் நடுதல், வரைபடம், கிணறு தேர்வு, ஊர்க் கணக்கு.

ஆவணி, புரட்டாசி: மழைமானி, ஓடைச் சுவர், இரும்புக் கம்பிகள், மண் மாதிரி, உறிஞ்சும் வேகம், மரச் சதுரங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: தினமும் மழை, ஓடை நீர், வண்டல், வாரந்தோறும் கிணறு.

தை, மாசி: கம்பிகளையும் பள்ளங்களையும் மீண்டும் அளத்தல், மழைக்குப்பின் முளைத்த செடிகளின் கணக்கு.

பங்குனி முதல் வைகாசி வரை: கோடையின் தாழ்ந்த நீர்மட்டம், உப்பு அளவு, கணக்கு முழுவதையும் ஊராருக்குப் படித்துக் காட்டுதல்.

இந்த ஓராண்டு வீணான காத்திருப்பு ஆகாது. கோயில் காட்டிலிருந்து ஊராரின் அனுமதியுடன் சிறிதளவு விதை சேகரித்து நாற்றங்கால் போட இதுவே தருணம். வேம்பு, நாவல் போன்றவற்றின் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழப்பதால் பழுத்தவுடன் விதைக்க வேண்டும். சாலையையோ வீட்டையோ அறுக்க வரும் பள்ளம் இருந்தால் அதை மட்டும் உடனே கட்டிவிட்டு, கட்டிய தேதியையும் இடத்தையும் எழுதிவைக்கலாம். மற்றப்படி நிலத்தின் தன்மையை மாற்றும் எவ்வேலையும் அவ்வாண்டில் கூடாது.

வழக்கமான தவறுகள்

அளவெடுப்பவர் மாறும்போது முறையும் மாறிவிடுவது முதல் தவறு. ஒவ்வொரு அளவும் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அளவு வேண்டியபடி அமையாதபோது திருத்தி எழுதுவது இரண்டாவது தவறு. ஒரே நோட்டை ஒருவர் வீட்டில் வைத்திருந்து, அவர் ஊர் மாறியபின் இழப்பது மூன்றாவது. ஒரு படி பள்ளிக்கூடத்திலும், ஒரு படி பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருக்கட்டும். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மழையும் கிணறும் அளக்கும் பொறுப்பைத் தருவது மிகவும் பயனளிக்கும். அந்தக் காடு வளரும்போது அவர்களும் ஊர்ப் பொறுப்பில் இருப்பார்கள்.

அளவெடுப்பில் ஐயம் எழுமாயின் புதுவை விவசாயிகள் தத்தம் பகுதி உழவர் உதவியகத்தையோ, குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். விழுப்புரம் மாவட்டத்தார் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை நாடலாம். வரும் ஆனியில் எல்லைக் கல் நட்டுத் துவங்கும் ஊர், அதற்கடுத்த ஐப்பசியில் எந்த மரத்தை, எந்தச் சரிவில் நடுவது என்று நன்கு அறிந்து முதல் கன்றை நடலாம்.